மிஞ்சிய மரத்தில் ஒரு முதல் தச்சு மேசை

பழைய வீட்டைப் புதுப்பித்தபோது மூன்று வாசல் நிலைகளும், ஐந்தாறு சென்டரிங் பலகைகளும், இயந்திரம் ஒன்று வந்திறங்கிய மரத்தட்டும் மிஞ்சியிருக்கின்றன என்றும், கைக்கருவிகளோடு மரவேலை பழகத் தொடங்கும் ஒருவர் அவற்றைக் கொண்டே குறைந்த செலவில் ஒரு தச்சு மேசையைச் செய்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். மேசையின் மேற்பரப்புக்கும் நான்கு கால்களுக்கும் மூன்று நிலைகளே போதும். சென்டரிங் பலகைகள் குறுக்குச் சட்டங்களுக்கு ஆகும். பணம் கொடுத்து வாங்க வேண்டியவை மரப்பசை, எட்டு போல்ட்டுகள், சில திருகாணிகள், கொல்லரிடம் சொல்லிச் செய்து வாங்கும் இரண்டு இரும்புப் பிடிகள், அவ்வளவே. மரத்தைத் தாடைகளுக்கு இடையே இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தச்சு மேசை மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வதற்காக இருக்கும் கருவி என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், எங்கே உழைக்க வேண்டும், எங்கே உழைப்பை மிச்சப்படுத்தலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும். இழைப்புளியைத் தள்ளும்போது உடலின் பலம் மேசையின் நீளவாக்கில் பாய்கிறது. உளியைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது அதே பலம் செங்குத்தாக இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் மேசை ஆடாமல் நிற்க வேண்டுமானால் அதற்கு எடை வேண்டும், மூலைகள் கோணாத கட்டுறுதி வேண்டும், மேற்பரப்பு சமதளமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்துவிட்டால், பழைய ஆணித் துளைகளும் கறைகளும் நிறப் பேதங்களும் வேலையைச் சிறிதும் கெடுப்பதில்லை. ஆகவே முதல் மேசையில் அழகுக்காக ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி மரத்தைத் தரம் பிரிப்போம். நம் பக்கத்துப் பழைய நிலைகள் தேக்கு, வேங்கை, வேம்பு, கோங்கு, சால் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்த மரம் நன்கு உலர்ந்திருக்கும் என்பதால், புதிதாக வாங்கும் பச்சை மரத்தைப்போல அது செய்து முடித்த பிறகு முறுக்கிக்கொள்ளாது. பழைய மரத்தின் பெரிய அனுகூலம் இதுதான். எடையில் மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. தேக்கு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ இருக்கும். சால் 800 கிலோவைத் தாண்டும். பேக்கிங் பெட்டிகளில் வரும் பைன் பெரும்பாலும் 500 கிலோவை ஒட்டியே இருக்கும். மேசைக்கு எடை நல்லது என்பதால், இழைப்பதற்குக் கடினமாக இருந்தாலும் சால் கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா தேக்காக இருந்தால் மட்டும் அதை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்; அதைத் தச்சு மேசையில் முடக்குவது நியாயமில்லை. காரைக்குடியில் பழைய வீட்டு மரங்களையும் சாமான்களையும் வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே அதற்குக் கிடைக்கும் விலையில் சாதாரண மரத்தை வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். வைரம் பாய்ந்த நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். நிலைக்காலின் அடிப்பகுதி தரையில் புதைந்திருந்ததால் அரை அடியிலிருந்து ஓர் அடி வரை கறையானாலோ ஈரத்தாலோ கெட்டிருப்பது வழக்கம். அதை இரக்கமின்றி அறுத்துத் தள்ளிவிட வேண்டும். சிறு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள், அந்தத் துண்டைப் பட்டறைக்குள் கொண்டுவரவே கூடாது. ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பனங்கைகளும் உங்களிடம் இருக்கக்கூடும். அவற்றின் வெளிப்பகுதி மிகுந்த உறுதியானது என்றாலும், இழைக்கும்போது நார் நாராகப் பிளந்து சிலாம்பு ஏறும் என்பதால் மேற்பரப்புக்கு ஆகாது.

பழைய பெயின்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடிக்கப்பட்ட பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்றே கருத வேண்டும். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்கிச் சுவாசிப்பது ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் ஆபத்து. முகக்கவசம் அணிந்துகொண்டு, பெயின்டைத் தண்ணீரால் நனைத்துச் சுரண்டியால் சீவி எடுத்து, சீவலைத் தார்ப்பாயில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், எரிக்க வேண்டாம்.

மரத்தட்டில் பயன்படுத்தத் தக்கது எது என்பதை அதில் குத்தியிருக்கும் முத்திரை சொல்லிவிடும். பன்னாட்டுப் போக்குவரத்துக்கான தட்டுகளில் நாட்டுக் குறியீட்டோடு ‘ஹெச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்; அது பாதுகாப்பானது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றப்பட்ட மரம். அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. நல்ல தட்டாக இருந்தாலும் அதன் பலகைகள் மெல்லியவை என்பதால் அடித்தட்டுக்கும் சிறு துணைக்கருவிகளுக்கும் மட்டுமே அவை ஆகும்.

ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிய பிறகு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மரத்தின் மீது மெல்ல நகர்த்திப் பாருங்கள். மறைந்திருக்கும் ஆணித்துண்டு அதை இழுத்துக் காட்டும். சென்டரிங் பலகையில் படிந்திருக்கும் சிமென்ட், இழைப்புளியின் அலகை இரண்டு தள்ளில் மழுங்கடித்துவிடும். ஆகவே முதலில் பழைய உளியால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் அழுந்தத் தேய்த்து, ஓரங்களில் கால் அங்குலத்தை அறுத்தெறிந்த பின்பே இழைக்கத் தொடங்க வேண்டும். மரக்கடைகளை ஒட்டி இருக்கும் இழைப்பு மில்களில் கூலி கொடுத்தால் சட்டங்களை ஒரே கனத்துக்கு இழைத்துத் தருவார்கள். அந்தக் கூலி இந்த வேலையில் மிகவும் பயனுள்ள செலவு என்பேன். ஆனால் ஆணியோ சிமென்டோ இருக்கிற மரத்தை அவர்கள் தொடமாட்டார்கள். அது சரியும்கூட, ஓர் ஆணி முழு அலகையும் பாழாக்கிவிடும்.

அளவுக்கு வருவோம். நிலைச் சட்டம் பெரும்பாலும் 4க்கு 3 அங்குலம் இருக்கும். கெட்ட அடியை நீக்கிய பிறகு ஒவ்வொரு நிலைக்காலிலும் ஏறக்குறைய 6 அடி தேறும். ஆறு நிலைக்கால்களில் ஐந்தை 5 அடி நீளத்துக்கு அறுத்து, 4 அங்குல முகம் மேலே வரும்படி பக்கம் பக்கமாக வைத்து ஒட்டினால், இழைப்பில் போனது போக 18 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமும் இரண்டேமுக்கால் அங்குலக் கனமும் கொண்ட மேற்பரப்பு கிடைக்கும். தேக்கானால் அதுவே 30 கிலோவுக்கு மேலும், சாலானால் 40 கிலோவுக்கு மேலும் இருக்கும். ஆறாவது காலிலிருந்து இரண்டு மேசைக்கால்களும், இரண்டு நிலைகளின் மேற்சட்டங்களிலிருந்து ஒவ்வொன்றும் வரும்; மூன்றாவது மேற்சட்டம், கால்களை மேலே இணைக்கும் இரண்டு குட்டைச் சட்டங்களுக்கு ஆகும்.

நிலையில் கதவு வந்து படிவதற்காக எடுத்த காடி ஒரு பக்கம் இருக்குமே, அதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காடி உள்ள முகத்தைக் கீழாகவும், சுவரை ஒட்டியிருந்த முகத்தை மேலாகவும் வைத்தால், காடி மேசையின் அடிப்புறத்தில் ஒரு பள்ளமாக மறைந்துவிடும். 3 அங்குலப் பக்கத்தில் அரை அங்குலம் போக மீதியெல்லாம் பசை பிடிக்கும் முகமாக நிற்கும். சுவர்ப்பக்கத்து முகத்தில் தார் பூசியிருந்தால் அதை முழுமையாகச் சீவி எடுக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்திலும் இழை, அதாவது மரத்தின் நாரோட்டம், எந்தத் திசையில் மேலேறுகிறது என்பதைப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி இட்டு, எல்லா அம்புகளும் ஒரே பக்கம் நோக்கும்படி அடுக்குங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாவிட்டால், பின்னால் மேற்பரப்பை இழைக்கும்போது ஒரு சட்டம் வழுவழுப்பாகவும் அடுத்த சட்டம் பிய்ந்தும் வந்து, மேசை இருக்கும் காலமெல்லாம் தொல்லை கொடுக்கும். ஒட்டும் முகங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும், ஆனால் நம் ஊர் வெப்பத்தில் அது விரைவில் இறுகும் என்பதால் ஐந்தையும் ஒரே மூச்சில் ஒட்ட முயலாமல், காலையில் இரண்டிரண்டாகவும் பிறகு அவற்றைச் சேர்த்தும் ஒட்டுங்கள். நீளமான கிளாம்ப்புகள் இல்லையென்றால், ஒரு தடித்த பலகையின் இரு ஓரங்களிலும் கட்டைகளைத் திருகாணியால் பொருத்தி, இடையே ஒட்ட வேண்டிய சட்டங்களை வைத்து, மீதி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளை அடித்து இறுக்கலாம். இப்படி நான்கு இருந்தால் 5 அடி நீளத்துக்குப் போதும். ஆப்பின் அழுத்தம் எந்தக் கிளாம்ப்புக்கும் குறைந்ததில்லை.

உயரத்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், தரையிலிருந்து விரல் முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள உயரம்தான் உங்கள் மேசையின் உயரம். 5 அடி 6 அங்குலம் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 28 முதல் 32 அங்குலத்துக்குள் அமையும். இழைப்பு வேலை அதிகம் செய்வதாக இருந்தால் தாழ்வாகவும், நுணுக்கமாக அறுப்பதும் உளிவேலையும் அதிகமென்றால் உயரமாகவும் வையுங்கள். ஐயமாக இருந்தால் உயரமாகவே செய்யுங்கள். காலை அறுத்துக் குறைக்க முடியும், நீட்ட முடியாது.

கால்களில் 4 அங்குலப் பக்கம் மேசையின் நீளவாக்கில் இருக்கட்டும். முன்னங்கால்களின் வெளிமுகம் மேற்பரப்பின் முன்விளிம்போடு ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசையைப்போல மேற்பரப்பு முன்னால் நீண்டிருந்தால், நீளமான பலகையை ஓரம் மேலே வரும்படி நிறுத்தி அந்த ஓரத்தை இழைக்கும்போது காலில் சாய்த்துப் பிடிக்க முடியாமல் போகும். பின்னங்கால்கள் ஓரிரு அங்குலம் உள்ளடங்கி இருப்பதில் தவறில்லை. முன்னங்காலையும் பின்னங்காலையும் மேலும் கீழும் குட்டைச் சட்டங்களால், இரண்டிலும் பாதிப் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று படியும்படி இணைத்து, பசையும் திருகாணியும் இட்டுவிடுங்கள். ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி மற்றதன் துளையில் செருகும் கழுந்தும் துளையும் செய்யத் தெரிந்தால் அது இன்னும் சிறப்பு, ஆனால் மேசை இல்லாத நிலையில் தரையில் உட்கார்ந்து அதைச் செம்மையாகச் செய்வது தொடக்க நிலையில் கடினம்.

நீளவாக்குச் சட்டங்கள்தான் மேசை கோணாமல் காப்பவை. இரண்டு சென்டரிங் பலகைகளை 6 அங்குல அகலத்துக்குக் குறையாமல் எடுத்து, தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில், கால்களின் உள்முகத்தில் அரை அங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி அதில் பலகை இறுக்கமாக உட்காரும்படி பொருத்துங்கள். ஒவ்வொரு முனையிலும் 10 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு, பெரிய வாஷரோடு. ஆட்டத்தைத் தடுப்பது அந்தப் பள்ளத்தின் இறுக்கமான விளிம்பு. போல்ட் பலகையை அதற்குள் அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே பள்ளம் தளர்வாக வெட்டப்பட்டால் எத்தனை போல்ட் போட்டும் பயனில்லை. இங்கே பசை வேண்டாம்; வீடு மாறும்போது எட்டு போல்ட்டுகளைக் கழற்றினால் மேசை பிரிந்துவிடும். இந்தச் சட்டங்களின் மேல் மரத்தட்டுப் பலகைகளைப் பரப்பி, மிஞ்சிய செங்கற்களையோ மணல் மூட்டையையோ ஏற்றிவையுங்கள். மரத்தில் குறைகிற எடையை அது ஈடுகட்டும்.

மேற்பரப்பைக் கால்சட்டகத்தோடு இணைக்கையில், மரம் அகலவாக்கில் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும் என்பதை மறக்கக் கூடாது. முன்பக்கத் திருகாணிகளுக்கு இறுக்கமான துளையும், பின்பக்கத் திருகாணிகளுக்கு அகலவாக்கில் நீண்ட துளையும் இட்டால், அசைவு முழுவதும் பின்புறமாகச் சென்று, முன்விளிம்பு கால்களோடு ஒரே தளத்தில் நிலைத்திருக்கும்.

சமதளமாக்குவதற்கு இரண்டு நேரான எல் வடிவ அலுமினியக் கோணங்கள் வேண்டும். மேசையின் இரு முனைகளிலும் அவற்றைக் குறுக்காக வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியே மற்றதைப் பார்த்தால் மேற்பரப்பு முறுக்கியிருப்பது உடனே தெரியும். முதலில் இழைக்குக் குறுக்காகவும், பிறகு மூலைவிட்டமாக இருபுறமும், கடைசியில் நீளவாக்கிலும் இழையுங்கள். பின்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலும் பெரிதில்லை. முன்விளிம்பிலிருந்து ஓர் அடி அகலம் மட்டும் உண்மையான சமதளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை நடப்பது அங்கேதான்.

இப்போது வைஸைப் பற்றிச் சொல்கிறேன். மலிவான வைஸ் தாடைகள் சாய்ந்து பிடிக்கும். நல்ல வைஸோ இந்த மேசைக்கு ஆகும் மொத்தச் செலவைவிட அதிகமாகும். இன்னும் முக்கியமான காரணம், நீங்கள் எந்த வகை வேலையை அதிகம் செய்யப்போகிறீர்கள் என்பது தெரியாமல் எந்த வைஸை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்ய முடியாது. வைஸ் இல்லாமலே பல நூற்றாண்டுகள் மரவேலை நடந்திருக்கிறது. நம் தச்சர்கள் தரையில் அமர்ந்து பாதத்தையே பிடியாகக் கொண்டு கதவும் கட்டிலும் செய்திருக்கிறார்கள். நின்று வேலை செய்யும் மேசைக்குத் தேவையானவை, ஒரு தடுப்புக்கட்டை, சில துளைகள், இரண்டு பிடிகள்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் வலமிருந்து இடமாக இழைப்பார் என்பதால், இடது முனையில் மேற்பரப்பின் ஊடே இரண்டு அங்குலச் சதுரத் துளை பொளிந்து, அதில் இறுக்கமாக ஏறி இறங்கும் கடினமான கட்டை ஒன்றைச் செருகுங்கள். பலகையின் முனையை அதில் முட்டவைத்துவிட்டால், தள்ளுகிற பலமே அதைப் பிடித்துக்கொள்ளும். பலகை பக்கவாட்டில் விலகாதிருக்க, ஒரு முனையில் ஆங்கில வி எழுத்துபோல் வெட்டிய மெல்லிய பலகையை அதன் பின்மூலையில் அணைத்து வைத்து, அந்தப் பலகையை இரும்புப் பிடியால் மேசையோடு அழுத்த வேண்டும். இதைப் பழகிய பிறகு, பலகையைத் திருப்பிப் போட வைஸைத் தளர்த்தி இறுக்கும் நேரம் எவ்வளவு வீண் என்பது புரியும்.

அந்த இரும்புப் பிடி, மேல்முனை கொக்கியாக வளைந்து தட்டையாக முடியும் ஒரு கம்பி. 16 மில்லிமீட்டர் வழவழப்பான இரும்புக் கம்பியைக் கொடுத்தால் கொல்லர் உலையில் வைத்து வளைத்துத் தருவார். முறுக்கு வரிகள் உள்ள கட்டடக் கம்பி வேண்டாம். மேசையில் 18 மில்லிமீட்டர் துளை நேர்செங்குத்தாக இட்டு, அதில் கம்பியைச் செருகி, கொக்கியின் தலையில் ஓர் அடி அடித்தால் கம்பி துளைக்குள் சாய்ந்து இறுகிக்கொள்ளும். பின்புறத்தில் ஓர் அடி அடித்தால் விடுபடும். இது நன்றாகப் பிடிப்பதற்கு மேற்பரப்பு கனமாக இருக்க வேண்டும் என்பதும், நிலைச் சட்டங்களைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். துளைகளை ஒரேயடியாக நிறைய இட வேண்டாம். முதலில் நான்கு, பிறகு தேவை தெரியத் தெரிய ஒவ்வொன்றாக. முன்விளிம்பின் இடது ஓரத்தில் கவட்டைபோல் வாய் திறந்த ஒரு கட்டையை, அதாவது கவட்டைக்கட்டையைப் பொருத்தி, முன்னங்கால்களில் முளைகள் செருகத் துளையிட்டால், பலகையின் முனையைக் கவட்டைக்குள் ஆப்பால் இறுக்கி, பலகையின் உடலை முளையில் தாங்கவைத்து, ஓரத்தை நிம்மதியாக இழைக்கலாம்.

நிலைகள் பாதிக்குமேல் உளுத்துப்போய், ஒன்றரை அங்குலப் பலகைகள் மட்டுமே தேறினால் மனம் தளர வேண்டாம். இங்கிலாந்துத் தச்சர்கள் 19ஆம் நூற்றாண்டில் பரவலாகப் பயன்படுத்திய, மரவேலை நூலாசிரியர் பீட்டர் நிக்கல்சன் பெயரால் இன்று அறியப்படும் வடிவம் அப்படிப்பட்ட மரத்துக்கே ஏற்றது. அதில் மெல்லிய மேற்பலகையின் இரு ஓரங்களிலும் 8, 9 அங்குல ஆழமுள்ள பக்கப்பலகைகள் தொங்கி, கால்களோடு திருகப்பட்டு, மொத்தத்தையும் ஒரு பெட்டிபோல் விறைப்பாக்குகின்றன. துளை இடும் இடங்களில் மட்டும் அடியில் இன்னொரு பலகையை ஒட்டிக் கனத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வார்னிஷ் அடிக்காதீர்கள், வழுக்கும். ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து, மீதியைத் துடைத்தெடுத்தால் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், பிரித்து வெளியே காயவைத்த பிறகே எறிய வேண்டும். தரை டைல்ஸாக இருந்தால் கால்களின் அடியில் பழைய டயர் ரப்பரை ஒட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் கொஞ்சம் உப்பும். தை பிறந்து காற்று உலர்ந்ததும் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கி, அலுமினியக் கோணங்களை வைத்துப் பார்த்து, மேற்பரப்பை மீண்டும் ஒரு முறை மெல்ல இழைத்துவிடுங்கள். அதன்பின் பசை இட்ட மூட்டுகளில் விரிசல் ஏதும் தெரியவில்லை என்றால், பலகையின் ஓரத்தை இழைப்பதற்கு நிலையான பிடி வேண்டும் என்று அதற்குள் உங்களுக்குத் தோன்றியிருந்தால், வைஸை எங்கே பொருத்துவது என்று அப்போது யோசிக்கலாம்.